இடப்பக்கம் பார்க்காத விமானம்

விமானம் வரைகிறவர்கள் எல்லோரும் பாதி வேலைதான் பார்க்கிறார்கள் என்று நான் சொன்னால் எங்கள் சென்னியப்பன் சாருக்குக் கோபம் வரும். ஆனால் உண்மை அதுதான். மூக்கிலிருந்து வால் வரைக்கும் நடுவே ஒரு கோடு போடுவார்கள். கோட்டுக்கு ஒரு பக்கத்தை மட்டும் மாதக்கணக்கில் உட்கார்ந்து வரைவார்கள். பிறகு கணினியில் ஒரு பொத்தானைத் தட்டினால் மறுபக்கம் கண்ணாடியில் தெரிகிற மாதிரி தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். உங்களுக்குப் பாதிச் சம்பளம் போதும் சார் என்று நான் கேலி செய்வதுண்டு.

என் பெயர் ஜெசிந்தா கொரேரா. ஊர் தூத்துக்குடி. கடலுக்குப் போகிற குடும்பத்தில் பிறந்து ஆகாயத்துக்குப் போனவள். விமான நிலையத்தை ஒட்டிய கொட்டகை ஒன்றில், புயலில் காணாமல் போகிற மீனவர்களைத் தேடுவதற்கென்றே ஒரு சின்ன விமானம் செய்துகொண்டிருந்த கம்பெனியில் நான் சோதனை விமானி. சென்னியப்பன் சார் வடிவமைப்பாளர். கோயம்புத்தூர்க்காரர். கோபத்தில் திட்டும்போதுகூட ஒரு 'ங்க' போட்டுத்தான் திட்டுவார்.

ஒருநாள் காலையில் அவர் கொட்டகையின் அந்தக் கோடியிலிருந்து கூப்பிட்டார்.

"அம்மிணி, கொஞ்சம் இங்க வாங்க. மெஷினுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சாட்ட இருக்குது."

மெஷின் என்று அவர் சொன்னது எங்கள் வரைபொறியை. பறந்தது, விழுந்தது என்று இதுவரை மனிதன் செய்த அத்தனை விமானங்களையும் அது படித்து வைத்திருந்தது. நமக்கு என்ன வேண்டும் என்று சொன்னால் போதும், கோடிக்கணக்கான உருவங்களைத் தனக்குள்ளேயே பறக்கவிட்டுப் பார்த்து நல்லதாக ஒன்றைத் தேர்ந்து தரும். சார் அதனிடம் கேட்டது சாதாரணமான கேள்விதான். 'ஒரே ஒரு எஞ்சின். கொஞ்சம் எரிபொருள். ஆனால் உள்ளே இருப்பவருக்குக் கடல் மட்டும் முடிந்த அளவு அதிகமாகத் தெரிய வேண்டும்.'

திரையைப் பார்த்தேன். சிரிப்பு வந்துவிட்டது. எஞ்சினும் உடம்பும் வாலும் ஒரு குழாயாக இடப்பக்கம் போயின. அதற்கு வலப்பக்கத்தில், இறக்கையின் மேல் தனியாக ஒரு கண்ணாடி அறை. அதில்தான் விமானி உட்கார வேண்டும். பின்னால் வாலுக்கு இடப்பக்கம் மட்டும் சிறகு இருந்தது. வலப்பக்கம் வெறும் காற்று.

"யாரு சார் இத மிதிச்சது?" என்றேன்.

"சிரிக்காதீங்க. பாதி வரைஞ்சு மறுபாதிய ஒட்டுன்னு சொல்ற கட்டளையப் போட மறந்துட்டனுங்க. வழக்கமா அது தானா இருக்கும்னு விட்டுட்டேன். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கோணும்னு அதுக்கு யாருமே சொல்லல."

சொல்லிக்கொண்டே இருந்தவர் பாதியில் நிறுத்தினார். முகம் மாறியது. மெஷின் எதைப் பார்த்து இதைப் பிடித்தது என்று தேட ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் கருப்பு வெள்ளையில் ஒரு பழைய புகைப்படம் திரையில் வந்து நின்றது. அதேதான். இறக்கையில் கண்ணாடிக் கூண்டு, ஒற்றைச் சிறகு வால், இறக்கையில் போர்க்கால ஜெர்மனியின் கருப்புச் சிலுவை.

"அட சாமி," என்றார். "இதைச் செஞ்சிருக்காங்க அம்மிணி. ரெண்டாவது உலகப்போர்ல ஜெர்மன்காரங்க. பிவி நூத்தி நாப்பத்தி ஒண்ணுன்னு பேரு. பறந்திருக்குது. நல்லாவே பறந்திருக்குது."

"இது எப்படி சார் பறக்கும்? ஒரு பக்கம் சாஞ்சுல்லா விழும்."

"இடுப்புல குடம் வச்சுட்டு நடக்கறவங்க சாஞ்சா விழறாங்க? எஞ்சினோட விசிறி ஒரு பக்கமாச் சுத்தறப்ப உடம்பை எதிர்ப்பக்கமா முறுக்கும். இந்த விசிறி இடப்பக்கமா முறுக்குது. ஆளு உக்கார்ற அறையோட எடை வலப்பக்கம் இழுக்குது. ரெண்டும் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கும். நேரா இருக்கற விமானத்துலதான் அந்த முறுக்கைச் சரிபண்ண நாம மெனக்கெடறோம். இது கோணலாப் பொறந்ததால நூல் புடிச்ச மாதிரி போகும்."

"அம்புட்டு நல்லாருந்தா ஏன் சார் விட்டுட்டாவ?"

"கொஞ்சந்தான் செஞ்சாங்க. எஞ்சின் கிடைக்கல, போட்டிக்கு இன்னொரு விமானம் வந்துருச்சு, அப்படி இப்படின்னு பல காரணம். பாக்கறதுக்கே நம்பிக்கை வரலங்கறதும் ஒண்ணுன்னு சொல்லுவாங்க."

"எதப் பாக்கதுக்கு அந்தக் கண்ணாடி?"

"எதிரி எங்க இருக்கான், எங்க சுடலாம்னு மேல இருந்து பாத்துச் சொல்றதுக்கு. வால்ல ஒரு பக்கச் சிறகை எடுத்ததே பின்னால உக்கார்ற துப்பாக்கிக்காரனுக்கு மறைக்கக் கூடாதுன்னுதான்."

எனக்கு அது பிடிக்கவில்லை. சாருக்கும் பிடிக்கவில்லை. ஆனால் கண்ணாடியின் மேல் என்ன குற்றம்? துப்பாக்கிக்காரன் உட்கார்ந்த இடத்தில், தண்ணீரில் போட்டால் ஊதிக்கொள்ளும் மிதவைப் படகை வைத்தோம். பட்டறைக்கு வரைபடம் அனுப்பியதில் அடுத்த கூத்து. அங்கிருந்தவர்கள் பழக்க தோஷத்தில் பாதி வரைபடம்தான் வந்திருக்கிறது என்று நினைத்து மறுபாதியை ஒட்டி, இரண்டு கண்ணாடி அறைகளைச் செய்து அனுப்பிவிட்டார்கள். ஒன்றை மாட்டினோம். இன்னொன்று கொட்டகை மூலையில் கிடந்தது. அதற்குள் உட்கார்ந்துதான் டீ குடிப்போம்.

விமானத்துக்குக் கம்பெனி வைத்த பெயர் ஒன்று. நாங்கள் கூப்பிட்டது கோணச்சி என்று. முதல்முறை நான் அவளை மேலே எடுத்த காலை இப்போதும் நினைவிருக்கிறது. ஓடுபாதையில் எஞ்சினை முறுக்கியபோது அவள் உடம்பெல்லாம் பதறியது. சக்கரம் தரையை விட்டதும் எல்லாம் அடங்கிவிட்டது. எனக்கு வலப்பக்கமும் முன்னாலும் காலுக்குக் கீழேயும் கடல். வேறு எந்த விமானத்திலும் நான் அவ்வளவு கடலைப் பார்த்ததில்லை. இடப்பக்கம் திரும்பினால்தான் ஒன்றும் தெரியாது. எஞ்சினும் குழாய் உடம்பும் சுவர் மாதிரி மறைத்துக்கொண்டு நின்றன. பார்க்க வேண்டிய பொருளை வலப்பக்கம் வைத்துக்கொண்டு வலமாகச் சுற்ற வேண்டும். அவ்வளவுதான். இறங்கி வந்து சாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். மனிதர் கூச்சத்தில் சிவந்துவிட்டார்.

சான்றிதழ் தர வேண்டியவர் பத்மலோசனி மேடம். சென்னையிலிருந்து வந்தார். தானும் விமானப் பொறியாளர் என்பதால் யார் சொல்வதையும் நம்பாத ஆள். கோணச்சியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது இடப்பக்கம் இழுக்கும்," என்றார்.

"இழுக்காதுங்க மேடம். நூல் புடிச்ச மாதிரி போகும்," என்றார் சார்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. நான் உட்கார்ந்து பார்க்கணும்."

கையில் வைத்திருந்த காபி டம்ளரோடு ஏறிவிட்டார். மேலே போனதும் டம்ளரைக் கருவிப் பலகையின் மேல் வைத்தார். "கையை எடும்மா," என்றார். எடுத்தேன். "காலையும்." எடுத்தேன். கோணச்சி தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தாள். டம்ளரில் காபி ஒரு பக்கமும் ஏறவில்லை. அவர் அதையே வெகுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எடுத்துக் குடித்தார்.

"எனக்கு ஃப்ளைட் ஏறினாலே தலை சுத்தும்மா. இதுல சுத்தவே இல்ல," என்றார். குரலில் ஒரு சின்னப் பெண்ணின் சந்தோஷம் இருந்தது.

இருந்தாலும் சான்றிதழ் உடனே கிடைக்கவில்லை. ஆறு மாதம் பறந்து காட்டச் சொன்னார். கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது. இந்தக் கடலின் மேல் பறக்கிற எந்த விமானமும் சாட்சிக் கண்ணைப் பொருத்திக்கொண்டுதான் பறக்க வேண்டும்.

அதைப் பற்றிச் சொல்ல வேண்டும். நமக்கும் இலங்கைக்கும் நடுவே கடலில் ஒரு கோடு இருக்கிறது. அதைத் தாண்டி மீன் பிடிக்கிற சண்டை தீர வேண்டும் என்று இரண்டு நாடுகளும் ஓர் ஒப்பந்தம் போட்டன. விமானியின் அறையில் உள்ள ஒவ்வொரு கண்ணாடியிலும் ஒரு கேமரா. கோட்டுக்கு மறுபக்கம் நிற்கிற படகு எதுவாக இருந்தாலும், அது கண்ணில் பட்ட அந்த நொடியில் படம் இரண்டு நாட்டுக்கும் போய்விடும். படகு பறிமுதல், ஆள் உள்ளே. மேல்முறையீடு கிடையாது. எந்தப் பக்கத்துப் படகாக இருந்தாலும் இதே கதிதான். அணைக்க முடியாது, மறைக்க முடியாது, மறைத்தால் விமானமே பறக்க முடியாது. இந்த நிபந்தனைக்கு ஒப்புக்கொண்டால் கோட்டுக்கு இருபுறமும் தேட அனுமதி உண்டு.

"காத்து அடிச்சுக் கொண்டுபோன படகுக்கும் இதே தண்டனைதானா மேடம்?" என்று நான் கேட்டேன்.

பத்மலோசனி மேடம் டம்ளரைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே சொன்னார். "அதை எழுதறப்ப நானும் கேட்டேன். தெரிஞ்சே போனவன் யாரு, காத்துல போனவன் யாருன்னு கண்ணுக்குத் தெரியாதேன்னு. யாரும் பதில் சொல்லல."

அடுத்து வந்த புயல் சொல்லிக்கொண்டு வரவில்லை. தெற்கே போகும் என்று சொல்லப்பட்டது திரும்பி மன்னார் வளைகுடாவுக்குள் நுழைந்தது. விடிந்தபோது சில படகுகள் கரைக்கு வரவில்லை. அதில் ஒன்று என் தம்பி லயோலாவினுடையது.

அம்மா கொட்டகை வரைக்கும் வந்து கோணச்சியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனாள். சென்னியப்பன் சார் நான் கேட்காமலே பின் இருக்கையில், மிதவைப் படகுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டார். வாழ்க்கையில் அதற்கு முன் அவர் கோணச்சியில் ஏறியதில்லை. உயரம் என்றால் அவருக்குப் பயம்.

மேகம் இன்னும் கலையவில்லை. காற்று எங்களைத் தூக்கித் தூக்கிப் போட்டது. சார் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு அலையை அலசிக்கொண்டே வந்தார். கோட்டுக்கு இந்தப் பக்கம் எங்கள் ஊர்ப் படகுகள் சில தேடிக்கொண்டு நின்றன. மாமா மச்சாடோவின் படகும் அதில் இருந்தது. கோட்டைத் தாண்டினோம். வெள்ளை நுரை, உடைந்த பலகை, கவிழ்ந்த ஒரு பிளாஸ்டிக் பெட்டி. ஒவ்வொன்றையும் தாழ இறங்கிப் பார்த்தேன்.

மீனவர்கள் படகில் வைத்திருக்கும் வயர்லெஸ் செட் ஒன்று எப்போதும் என் இருக்கைக்குக் கீழே இருக்கும். பக்கத்தில் இருந்தால்தான் அது பேசும். அதுவரை இரைந்துகொண்டு கிடந்தது திடீரென்று பேசியது.

"அக்கா. மேல போறது நீதானா?"

"ஏலே லயோலா. எங்கல இருக்க?"

"ஒனக்கு இடப்பக்கம் நிக்கேன். கோணச்சியப் பாத்ததுந்தான் உசுரே வந்துச்சு. எஞ்சின்ல தண்ணி ஏறிட்டுக்கா. திசை காட்டுற கருவியும் போச்சு."

என் கை தானாகத் திரும்பியது. கோணச்சியைச் சுழற்றி அவனை வலப்பக்கக் கண்ணாடிக்குக் கொண்டு வந்துவிட வேண்டும், ஒரே ஒரு முறை அவன் முகத்தைப் பார்த்துவிட வேண்டும். பின்னாலிருந்து சாரின் கை வந்து என் தோளை அழுத்தியது.

"அம்மிணி, திருப்பாதீங்க."

"சார், எந்தம்பி சார்."

"அதனாலதானுங்க சொல்றேன். நாம எங்க இருக்கறோம்னு பாருங்க."

வரைபடத்தைப் பார்த்தேன். கோடு எங்களுக்கு மேற்கே, ரொம்பத் தள்ளிக் கிடந்தது. லயோலா இலங்கைக் கடலில் மிதந்துகொண்டிருந்தான்.

"இந்த நிமிஷம் வரைக்கும் அவரைச் சாட்சிக் கண்ணு பாக்கல," என்றார் சார். வேகமாகப் பேசினார். "நீங்க பாத்தா அதும் பாக்கும். கண்ணாடி எங்கெல்லாம் இருக்குதோ அங்கதான் கேமரா. இடப்பக்கம் அதுக்கும் எஞ்சின் முதுகுதானுங்க தெரியும். நாங்க பாதி வரைஞ்சு விட்டுடறோம்னு நீங்க கேலி பண்ணுவீங்க. சட்டம் எழுதுனவங்களும் அப்படித்தானுங்க. எல்லா விமானத்துலயும் ஆளு நடுவுல உக்காருவான், ரெண்டு பக்கமும் பாப்பான்னு எழுதிட்டாங்க. இடப்பக்கமாவே சுத்துங்க. நாம அவரப் பாக்க வேண்டாம். அவரு நம்மளப் பாத்தாப் போதும்."

எவனோ ஒரு ஜெர்மன்காரன் எல்லாவற்றையும் பார்ப்பதற்காகச் செய்த உருவம் அது. அதை ஒருவனைப் பார்க்காமல் இருப்பதற்காக ஓட்டப் போகிறோம்.

இடப்பக்கம் சாய்த்தேன். கோணச்சி வட்டமடிக்கத் தொடங்கினாள். நடுவில் என் தம்பி. நான் அவனைச் சுற்றிச் சுற்றி வந்தேன், அவன் எனக்குத் தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் எஞ்சினின் சாம்பல் நிற முதுகு.

"லயோலா, கேளுல. நான் ஒன்னச் சுத்திக்கிட்டே மெதுவா நகருவேன். வட்டம் எந்தப் பக்கம் நகருதோ அந்தப் பக்கம் வா."

"எஞ்சின் இல்லியேக்கா. எப்பிடி வர?"

அப்போது வயர்லெஸ்ஸில் இன்னொரு குரல் வந்தது. வயதான, நிதானமான குரல்.

"தங்கச்சி, நான் அருளப்பு. வங்காலை ஆக்கள். உங்கட தம்பியிட போட் எங்கட போட்டோட கட்டிக் கிடக்கு. ராத்திரி முழுக்கக் கட்டித்தான் கிடந்தனாங்கள், இல்லாட்டிப் பொடியன் கவிண்டிருப்பான். எங்கட எஞ்சின் ஓடுது. ஆனா எங்களுக்கும் திசை தெரியேல்ல. கரை எந்தப் பக்கம் எண்டு சொன்னீங்கள் எண்டால் இழுத்துக்கொண்டு வாறன்."

நானும் சாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வங்காலை அந்தப் பக்கத்து ஊர். அவர்கள் நின்ற கடல் அவர்களுடையது. கோட்டைத் தாண்டினால் குற்றவாளி என் தம்பி அல்ல, அவர்.

"அண்ணே, ஒங்க கரை கிழக்க இருக்கு. எங்களுக்குக் கோடு மேற்க. கோட்டத் தாண்டுனா ஒங்க போட்டப் புடிச்சிருவாவ. கோடு வந்ததும் சொல்லுதேன், கயித்த விட்டுருங்க. எங்க படகு அங்ஙன நிக்கும்."

"உங்கட ஆக்கள் நிக்கிற இடம் கோட்டிலயிருந்து எவ்வளவு தூரம்?"

சொன்னேன்.

"காத்து இஞ்சாலதான் தள்ளுது. அவ்வளவு தூரத்தில கயித்தை விட்டா பொடியன் திரும்ப என்னட்டத்தான் வருவான்," என்றார். சிரித்த மாதிரி இருந்தது. "நீங்க முன்னால போங்க தங்கச்சி. பாத்துக்கொள்ளுவம்."

அதற்குப் பிறகு வயர்லெஸ் ஓய்ந்துவிட்டது. கூப்பிட்டுப் பார்த்தேன். இரைச்சல்தான் வந்தது. தண்ணீர் புகுந்ததோ, பேட்டரி தீர்ந்ததோ தெரியாது.

அதைப்போல ஒரு பறத்தலை நான் அதற்கு முன்னும் பறந்ததில்லை, பின்னும் பறந்ததில்லை. ஒரு வட்டம். மேற்கே கொஞ்சம். இன்னொரு வட்டம். இன்னும் கொஞ்சம். இழுத்து வருகிற படகு எவ்வளவு மெதுவாக வரும் என்று எனக்குத் தெரியும், எங்கள் வீட்டுப் படகுகளை அப்படி இழுத்து வந்ததைப் பார்த்து வளர்ந்தவள் நான். அந்த வேகத்துக்கு வட்டத்தை நகர்த்தினேன். அவர்கள் வருகிறார்களா? கயிறு அறுந்துவிட்டதா? அடித்த அலையில் இருவருமே போய்விட்டார்களா? நான் வெறும் தண்ணீரைச் சுற்றிக்கொண்டிருக்கிறேனா?

"சார், ஒரு தடவ பாத்துருவோம். செத்துட்டான்னா சட்டம் அவன என்ன செய்யும்?"

"உசுரோட இருந்தா?"

இன்னொரு வட்டம் போட்டேன். அழுகை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பிடியை மறுபடி பிடித்தேன். வலப்பக்கம் திருப்பினால் எல்லாம் தெரிந்துவிடும். கோணச்சி அதற்காகவே பிறந்தவள். ஆசையாக இருந்தது. ஆனால் இப்போது அங்கே என் தம்பி மட்டும் இல்லை. முன்பின் தெரியாத ஒருவர், எனக்காகக் கூட இல்லை, நேற்று ராத்திரி பக்கத்தில் மிதந்த ஒரு பையனுக்காகத் தன் படகையும் சோற்றையும் பணயம் வைத்து வந்துகொண்டிருக்கலாம். அவரை நான் பார்த்துத் தொலைத்தால்?

கோட்டைத் தாண்டினோம். வரைபடத்தில் தவிர வேறெங்கும் அது தெரியவில்லை. அலை அந்தப் பக்கம் எப்படி இருந்ததோ இந்தப் பக்கமும் அப்படியே இருந்தது.

இன்னும் சில வட்டங்கள். எரிபொருள் முள் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. சார் பின்னால் ஏதோ முருகன் பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் வயர்லெஸ் கரகரத்தது.

"ஏட்டி ஜெசி. மச்சாடோ பேசுதேன். பய வந்துட்டான். ரெண்டு படகு வந்துச்சு. கயித்த நாங்க வாங்கிட்டோம். லயோலா இங்ஙனதான் நின்னு அழுவுதான், ஆம்பளப் பய."

நான் ஊளையிட்டேன் என்று சார் பிற்பாடு சொன்னார். எனக்கு நினைவில்லை. அவரும் என்னைத் தோளில் அடித்துக்கொண்டே இருந்தார், உயரத்தை அடியோடு மறந்துபோய்.

"மாமா, அந்த வங்காலைக்காரர்?"

"அவரு ஒத்தையா நிக்காரு. டீசல் குடுத்தோம். எந்தப் பக்கம் போகன்னு ஒன்னயத்தான் பாத்துக்கிட்டு நிக்காரு."

இடப்பக்கம் சாய்த்தேன். வட்டம் இப்போது கிழக்கே நகர்ந்தது. அருளப்பு அண்ணனின் முகம் எப்படி இருக்கும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கோட்டுக்கு அந்தப் பக்கம் அவரைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, எரிபொருள் முள் சிவப்பில் துடிக்க, நேராகக் கரைக்கு வந்தேன்.

பத்மலோசனி மேடம் அந்த வாரமே வந்துவிட்டார். கொட்டகைக்குள் நுழைந்ததும் நாங்கள் பறந்த பாதையைத் திரையில் போட்டார். கோட்டின் மேல் யாரோ ஜிலேபி பிழிந்துவிட்டுப் போன மாதிரி இருந்தது.

"சாட்சிக் கண்ணுல கோடு தாண்டின படகு ஒண்ணுகூட இல்ல," என்றார். "காலி கடல். அந்தக் காலி கடலை இவ்வளவு நேரம் எதுக்கும்மா சுத்தினே? அதுவும் எல்லாமே இடப்பக்கமா? வலப்பக்கம் சுத்தினாத்தானே உனக்குத் தெரியும்?"

உண்மையைச் சொன்னால் லயோலாவின் படகும் போகும், என் வேலையும் போகும். அதைவிட, அந்தப் பெரியவரைத் தேடிப் பிடிப்பார்கள். பொய் சொல்லவும் எதுவும் தோன்றவில்லை.

"அது இழுக்குமுங்க மேடம்," என்றார் சென்னியப்பன் சார்.

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கோணச்சியின் இறக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன இழுக்கும்?"

"இடப்பக்கம் இழுக்குமுங்க. காத்து பலமா இருந்தா விசிறியோட முறுக்கு ஜாஸ்தியாகி இடப்பக்கமாவே கொண்டுபோயிரும். அம்மிணி நேராக்கறதுக்குள்ள ஒரு வட்டம் போட்டுரும். அன்னைக்குப் பூரா அப்படித்தானுங்க. விமானத்து மேலதான் தப்பு. என்ற தப்புங்க. இவங்க மேல இல்ல."

நான்கு வருடம் அந்த மனிதர் ஊர் ஊராகப் போய்ச் சொன்ன ஒரே வாக்கியம், இது இழுக்காது என்பதுதான். சிரித்தவர்களிடம் சொன்னார். கதவைச் சாத்தியவர்களிடம் சொன்னார். தன் சேமிப்பையெல்லாம் அந்த வாக்கியத்துக்காக விட்டார். அதைத்தான் இப்போது தன் வாயாலேயே எடுத்துக் கீழே போட்டார். சான்றிதழ் போனது என்று எனக்குத் தெரிந்தது. அந்த ஜெர்மன் விமானம் போன வழியில் கோணச்சியும் போகப் போகிறாள்.

மேடம் மூலையில் கிடந்த இரண்டாவது கண்ணாடி அறையைப் பார்த்தார். திரையில் இருந்த வட்டங்களைப் பார்த்தார். அவை மேற்கே எவ்வளவு மெதுவாக நகர்ந்தன, பிறகு கிழக்கே எவ்வளவு வேகமாகத் திரும்பின என்று விரலால் தொடர்ந்து போனார். அவர் பொறியாளர். காற்று தள்ளிய வட்டத்துக்கும் கை போட்ட வட்டத்துக்கும் வித்தியாசம் தெரியாதவர் அல்ல.

"நானே இதுல உட்கார்ந்து போயிருக்கேன்," என்றார் கடைசியில். "இவ கையையும் எடுத்தா, காலையும் எடுத்தா. என் எதிர்ல காபி டம்ளர் இருந்துச்சு."

சார் தலையைக் குனிந்துகொண்டார்.

"அன்னைக்கு எனக்கு ஒரே தலைசுத்தல்," என்றார் பத்மலோசனி மேடம். "காபி எந்தப் பக்கம் சாஞ்சுதுன்னு கவனிக்கல. இழுத்துதான் இருக்கும்."

திரையை அணைத்தார்.

"இந்தக் குறையைச் சரி பண்ண முடியுமா, சென்னியப்பன்?"

"முடியாதுங்க. பொறப்புலயே கோணல்."

"சரி. சான்றிதழ்ல ஒரு வரி சேர்த்துக் கொடுத்துடறேன். இடப்பக்கம் இழுக்கும், ஆபத்தில்லை, விமானி அதோட மல்லுக்கட்ட வேண்டாம்னு." பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். வாசலில் நின்று என்னிடம் கேட்டார். "தம்பி எப்படி இருக்கான்?"

"நல்லாருக்கான் மேடம்."

"காபி குடிக்கச் சொல்லு, நான் சொன்னேன்னு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

சார் அன்று முழுவதும் கோணச்சியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "ஊசி முனை அளவுகூட இழுக்காதுங்க அம்மிணி," என்றார் ஒருதரம், நான் ஏதோ மறுத்த மாதிரி. தெரியும் சார் என்றேன். பெற்ற பிள்ளையைச் சபையில் திட்டிவிட்டு வந்தவர் போல இருந்தார்.

மூன்று மாதம் கழித்து ஒரு தொலைபேசி வந்தது. கொழும்பிலிருந்து, அவர்களுடைய கடல் மீட்புப் படைக்கு விமானம் வாங்குகிற பொறியாளர் ஒருவர். சார் ஸ்பீக்கரில் போட்டார். மன்னார்ப் பக்கத்துத் தமிழ். தங்களுக்கும் நான்கு வேண்டும் என்றார். விலை கேட்கவில்லை. எவ்வளவு தூரம் பறக்கும் என்று கேட்கவில்லை. கேட்டது ஒன்றுதான்.

"இது இடப்பக்கம் இழுக்கும் எண்டு கேள்விப்பட்டம். உண்மையோ?"

சார் தயங்கினார். நல்ல வியாபாரம் கை நழுவிப் போகிறதே என்று அவர் முகம் வாடியது. வாய் பழைய பதிலைச் சொல்லத் துடித்ததை நான் பார்த்தேன்.

"ஏனுங்க கேக்கறீங்க?"

"எங்கட பெரியப்பா வங்காலையில கடலுக்குப் போறவர்," என்றது அந்தக் குரல். "இழுக்காட்டி எங்களுக்கு வேண்டாம்."

சார் பேசியைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. நான் தலையாட்டினேன்.

"இழுக்குமுங்க," என்றார். "நல்லா இழுக்கும்."